கூரைமேல் இரண்டு கனூ

பெண் பார்க்க வருகிறவர்கள் பழத்தட்டோடு வருவார்கள், பூவோடு வருவார்கள், சிலர் வெறுங்கையோடு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். என்னைப் பார்க்க வந்தவர் ஒரு மோட்டர் ஹோமின் கூரையில் இரண்டு கனூவைக் கட்டிக்கொண்டு வந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ரொறன்ரோ நகரத்தில், மல்வேர்னில் அண்ணாவின் வீட்டில் இருந்தேன். அதற்கு முன் எனக்கு இரண்டு சம்பந்தங்கள் பேசிக் குழம்பியிருந்தன. இரண்டும் ஒரே மாதிரித்தான் நடந்தன. வந்தவர்கள் ஸோபா நிறைய இருப்பார்கள், நான் தேத்தண்ணித் தட்டோடு வருவேன், "பொம்பிளையும் மாப்பிளையும் கொஞ்சம் கதைக்கட்டும்" என்று யாராவது பெருந்தன்மையாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒருவரும் எழும்ப மாட்டார்கள். அத்தனை பேரும் வாயை மூடிக் காதைத் திறந்து வைத்திருக்க, "வேலை எங்கை?" "மார்க்கம் றோட்டிலை" என்று நாங்கள் கதைப்போம். அதற்குப் பெயர் தனியாகக் கதைப்பது.

எனக்குக் கேட்பதற்கு ஒரு கேள்வி இருந்தது. ஒன்றே ஒன்று. அப்பாவும் அம்மாவும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். திரும்பிப் போக வழியில்லை. பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிடுவார்கள் என்று சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அண்ணா வீட்டில் அவருடைய மனைவி, மச்சாளின் தாய் தகப்பன் ஏற்கெனவே இருந்தார்கள். அங்கே இனி ஒரு பாய் விரிக்கவும் இடமில்லை. ஆகவே அவர்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்து நான்தான் கூப்பிட வேண்டும், என்னோடுதான் வைத்திருக்க வேண்டும். என்னைக் கட்டுகிறவர் அதற்குச் சம்மதிப்பாரா? இதைச் சபையில் கேட்டால் எல்லாரும் "அதுக்கென்ன பிள்ளை" என்பார்கள். கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் அந்த அதுக்கென்ன எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? என்னோடு வேலை செய்த பெண்களின் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதனால் நானே கேட்க வேண்டும், அவரே மறுமொழி சொல்ல வேண்டும், பக்கத்தில் ஒரு சனமும் இருக்கக்கூடாது. இது இல்லாமல் எவருக்கும் கழுத்தை நீட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

மூன்றாவது சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் சின்னம்மா. அவர் நகரத்தின் மறு கோடியில், பார்க்டேலில் இருந்தார். எங்கள் ஆட்கள் வந்து இறங்கிய காலத்திலிருந்தே அங்கே இருந்ததால், நகரத்தில் எந்த வீட்டில் கல்யாண வயதில் பெடியன் இருக்கிறான் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. இந்தப் பெடியன் மோட்டர் ஹோம்களை வாடகைக்கு விடும் ஒரு இடத்தில் வேலை செய்தார். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற அந்தப் பெரிய வாகனங்களைக் கழுவி, பழுது பார்த்து, ஆட்களுக்குக் கொடுப்பதுதான் வேலை. சின்னம்மா அதை வீட்டு வான் என்றே சொல்வார்.

ஒரு நாள் அந்தப் பெடியனே எனக்குப் போன் எடுத்தார். அண்ணா பக்கத்தில் நின்று ரி.வி. பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"லோங் வீக்கெண்டுக்கு முதலாளி ஒரு மோட்டர் ஹோம் தாறன் எண்டவர். ரெண்டு குடும்பமும் ஏரிப் பக்கம் போட்டு வருவம். கனூ ரெண்டு கொண்டுவாறன்."

"கனூ எண்டா?"

"சின்ன வள்ளம். ஒண்டிலை ரெண்டு பேர்தான் ஏறலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "கரையிலை இருக்கிற ஆக்களுக்கு நல்லாத் தெரியும். கதைக்கிறது மட்டும் கேக்காது."

"அப்ப மற்றது?"

"அது உங்கடை அண்ணைக்கு. ஒண்டு மட்டும் கொண்டுவந்தா ஒரு மாதிரி நினைப்பினம்."

அந்த நிமிடமே அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னால் அது பொய். எனக்குப் பிடித்தது அந்தக் கனூவை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஊருக்குக் கேட்காமல் ஒரு கேள்வி கேட்க ஒரு இடம். அன்றிலிருந்து நான் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசைக்கு முன்னால் அந்த மோட்டர் ஹோம் வந்து நின்றது. கூரையில் இரண்டு கனூவும் கவிழ்த்து வைத்து, பட்டியால் இறுக்கிக் கட்டியிருந்தன. ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. மாப்பிள்ளையின் தாயார் முன் சீட்டிலிருந்து மெல்ல இறங்கினார். காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சின்னம்மா இறங்கியவரைப் பார்க்கவில்லை. நேரே கூரையைத்தான் பார்த்தார்.

"உதென்ன, வள்ளத்தைக் கவிட்டு வைச்சிருக்கு?"

"அப்பிடித்தான் கட்டவேணும், அன்ரி. காத்துக்கும் மழைக்கும் அதுதான் நல்லது."

"நல்ல காரியம் பேசப் போறம். கவிண்ட வள்ளத்தைத் தலைக்கு மேலை வைச்சுக்கொண்டோ போறது? கடற்கரைச் சனம் கண்டா என்ன சொல்லும்?"

மல்வேர்னில் கடற்கரை எங்கே இருக்கிறது என்று கேட்க நான் வாயெடுத்தேன். அண்ணா முறைத்தார். அதற்குள் மாப்பிள்ளையின் தாயார், "அதுவும் சரிதான். எனக்கும் கண்டவுடனை மனதுக்கு ஒரு மாதிரித்தான் கிடந்தது" என்றார். இரண்டு பக்கமும் முதல்முதலாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதில் அண்ணாவுக்கு ஒரே சந்தோஷம். "பெரியாக்கள் சொல்லினம், நிமித்தி விடுமன் தம்பி" என்றார்.

மாப்பிள்ளை ஒரு தரம் கூரையைப் பார்த்தார். பிறகு பின்பக்க ஏணியில் ஏறி, பட்டியைக் கழற்றி, இரண்டு கனூவையும் நிமிர்த்தி வைத்துக் கட்டினார். எனக்கு எரிச்சல் வந்தது. சரியென்று தெரிந்த விஷயத்தில் இரண்டு கிழவிகளுக்கு முன்னால் நிற்க முடியாதவர், நாளைக்கு என் தாய் தகப்பனுக்காக யாருக்கு முன்னால் நிற்கப் போகிறார்? கேள்வி கேட்க முதலே மறுமொழி கிடைத்துவிட்டதுபோல இருந்தது.

கனூ நிமிர்ந்ததும் அடுத்த கூத்து தொடங்கியது. வாய் திறந்த பாத்திரம் எதையும் வெறுமையாக விடுவது சின்னம்மாவுக்குப் பிடிக்காது. ஊரில் பஸ் கூரையில் வாழைக்குலையிலிருந்து தையல் மெஷின் வரை ஏற்றிப் போனவர்கள் நாங்கள்; இவ்வளவு நல்ல இரண்டு தொட்டிகளைச் சும்மா கொண்டுபோவதா? சிவப்புக் கனூவுக்குள் அண்டா போன்ற பெரிய கிடாரம், சருவச்சட்டிகள், அரிசி மூட்டை, வெங்காயப் பை, அடுப்புக்கரி, பாய்கள் எல்லாம் ஏறின. இரண்டு நாளுக்கு ஏழு பேர் கொண்ட குடும்பம் இரண்டு சாப்பிடலாம். நாங்கள் இருந்ததோ மொத்தம் ஐந்து பேர். மச்சாள் மாசமாக இருந்ததால் வரவில்லை.

மிஞ்சியது ஆட்டிறைச்சி வைத்த ஐஸ் பெட்டி. போகிற வழியில் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் வாகனத்துக்குப் பூசை செய்வதாக ஏற்பாடு. இறைச்சியோடு கோயிலுக்குப் போகலாமா? சின்னம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பச்சை வள்ளத்துக்குள்ளை வையுங்கோ. வானுக்குள்ளை இல்லைத்தானே, மேலைதானே."

அண்ணா உடனே பெட்டியைத் தூக்கி மேலே கொடுத்தார். கோயில் வாசலில் ஐயர் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்து, "வள்ளத்துக்கும் வைப்பமோ?" என்று கேட்டார். "வேண்டாம் ஐயா" என்று நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

நெடுஞ்சாலையில் வடக்கே போகப் போக எனக்கும் மனம் இளகியது. ஜன்னலுக்கு வெளியே வயலும் வைக்கோல் உருளையும். உள்ளே சின்னக் கட்டிலில் சின்னம்மா குறட்டை விட, மாப்பிள்ளையின் தாயார் ஓடுகிற வாகனத்தில் தேத்தண்ணி போட்டுப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் அடுப்போடு போராடிக்கொண்டிருந்தார். நான் கேள்வியை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "என்ரை அப்பா அம்மா எங்களோடைதான் இருப்பினம், உங்களுக்குச் சம்மதமோ?" கடுமையாக இருந்தது. "எங்களோடை இருந்தால் என்ன?" குழைவாக இருந்தது. எப்படிச் சொன்னாலும் ஏதோ ஒரு பக்கம் இடித்தது.

பரி என்ற ஊரைத் தாண்டியதும் வானம் கறுத்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. துடைப்பான் போட்டும் வீதி தெரியவில்லை. வாகனம் ஓட்டிய அவர் அடிக்கடி குனிந்து கண்ணாடி வழியே மேலே பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி, கனூவைக் கவிழ்க்க வேண்டும் என்றார். "இந்த மழைக்குள்ளையோ? ஏரி கிட்டத்தானே, ஓடும்" என்றார் அண்ணா. அவர் மறுபடியும் வாகனத்தை ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் வாகனம் வளைவுகளில் ஒரு மாதிரித் தள்ளாடத் தொடங்கியது. இரண்டு தொட்டி நிறையத் தண்ணீர் தலைக்கு மேலே அங்குமிங்கும் போய்வந்துகொண்டிருந்தது என்பது அவரைத் தவிர எங்களுக்கு விளங்கவில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் சரிவில் சிவப்பு விளக்குக்கு அவர் பிரேக் போட்டார். கூரையில் ஒரு இரைச்சல் கேட்டது. அடுத்த கணம் முன்கண்ணாடி முழுவதையும் மறைத்துக்கொண்டு தண்ணீர் கொட்டியது. அதோடு வெங்காயம் வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு பை முழுவதும். வெங்காயங்கள் பொனெற்றில் விழுந்து துள்ளி வீதியில் உருண்டன. பக்கத்துக் காரில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் வாய் திறந்தபடி பார்த்தது. நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேலே படார் என்று ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றது.

அவர் வாகனத்தை ஒரு பெற்றோல் ஸ்ரேஷன் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். மழையும் விட்டிருந்தது. ஏறிப் பார்த்தால் சிவப்புக் கனூ விளிம்பிலிருந்து அடிவரை வெடித்துக் கிடந்தது. தண்ணீரும் அரிசியும் கிடாரமும் சேர்ந்த பாரம் அது. அரிசி ஊறிப் பாதி வீங்கியிருந்தது. பச்சைக் கனூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் ஐஸ் பெட்டி நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது.

"நான் அப்பவே நினைச்சனான், உது சரிவராது எண்டு" என்றார் சின்னம்மா.

அண்ணா மாப்பிள்ளையைப் பார்த்து, "என்ன தம்பி, நீர் வேலை செய்யிற இடத்துச் சாமான். உமக்குத் தெரிய வேண்டாமோ?" என்றார்.

"ஓம் அண்ணை. என்ரை பிழைதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் காலமையே சொன்னவர் கவிட்டுத்தான் கட்டவேணும் எண்டு. பிறகும் நிப்பாட்டிச் சொன்னவர். ஆர் கேட்டது? இப்ப அவரைப் பேசிறியள்."

சம்பந்தம் பேச வந்த இடத்தில் பெண் இப்படி வாய் திறக்கலாமா? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவருடைய தாயார்தான் கனநேரம் பார்த்தார். முடிந்தது, இதுவும் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். அவர் மட்டும் ஏணியில் நின்றபடி, "இந்தப் பட்டியைப் பிடியும்" என்று ஒரு நுனியை என்னிடம் நீட்டினார். பச்சைக் கனூவின் தண்ணீரை இறைத்து, அதைக் கவிழ்த்து, நானும் அவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று கட்டினோம். இந்த முறை ஒருவரும் நிமிர்த்தச் சொல்லவில்லை.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்து, கரி நனைந்ததால் உள்ளே இருந்த அடுப்பில் சமையல் தொடங்கியதும், அவர் பச்சைக் கனூவை இறக்கித் தண்ணீரில் விட்டார். தாயார் உடனே எழும்பி வந்தார்.

"ஒண்டும் வேண்டாம். பட்டது காணும். தண்ணிப் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது."

தண்ணீருக்குப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் இவ்வளவு தூரம் வந்தாயிற்று. ஒரு கனூ உடைந்தாயிற்று. என் நல்ல பெயரும் பெற்றோல் ஸ்ரேஷனில் உடைந்தாயிற்று. இனி எதற்குப் பார்க்க வேண்டும்? நேரே தாயாரிடம் போனேன்.

"அன்ரி, உங்கடை மகனோடை எனக்கு ஒரு கதை கதைக்க வேணும். தூரப் போகமாட்டம். இந்த வாங்கிலை இருந்து பாத்துக்கொண்டிருங்கோ."

"அப்பிடி என்ன கதை? இங்கை இருந்து கதையுங்கோவன், பிள்ளை."

சின்னம்மா காலையில் அவரோடு ஒத்துப்போனது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, "போனால் என்ன? கண்ணுக்கு முன்னாலைதானே" என்று குறுக்கே வந்தார். "உந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போ" என்று மிதவைச் சட்டையைத் தன் கையாலேயே எனக்கு மாட்டி, மூச்சு விட முடியாமல் இறுக்கியும் விட்டார். தாயாரால் அதற்கு மேல் தடுக்க முடியவில்லை.

கனூவில் முன்னால் நான், பின்னால் அவர். "முன்னுக்குப் பாத்துக்கொண்டு இரும். திரும்பினா ஆடும்" என்றார். அப்போதுதான் ஒன்று விளங்கியது. இத்தனை பாடுபட்டு நான் தேடிய தனிமையில், அவருடைய முகம் எனக்குத் தெரியாது. கரையில் மூன்று பேரும் நீள வாங்குப் பலகையில் வரிசையாக இருந்து பார்த்தார்கள். அண்ணா கை காட்டினார். நானும் காட்டினேன். மழை கழுவிய ஏரி அசையாமல் கிடந்தது.

கொஞ்ச தூரம் போனதும் நான் எதிரே இருந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. "என்ரை அம்மா அப்பாவை நான் கூப்பிடப் போறன். அவை சாகுமட்டும் என்னோடைதான் இருப்பினம். உங்களுக்கு ஏலுமோ?"

பின்னால் துடுப்பு நின்றது.

"அதுக்கு மறுமொழி சொல்ல முதல் நான் ஒண்டு சொல்லவேணும்" என்றார். "என்ரை அகதிக் கேஸ் றிஜெக்ற் பண்ணிப்போட்டாங்கள். அப்பீல் போட்டிருக்கு. அதுவும் சரிவருமோ தெரியாது. உங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது. கலியாணம் முடியுமட்டும் சொல்லவேண்டாம் எண்டு அம்மா சொன்னவ. எனக்கு அது மனதுக்குச் சரியில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கனூவைக் கொண்டுவந்தனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தவள். என்னைக் கட்டினால் நான் அவருக்குக் கையெழுத்து வைப்பேன், அவர் இங்கேயே இருந்துவிடலாம். அப்படியானால் பெண் பார்க்க வரவில்லை, விசா பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். கரையில் அவருடைய தாயார் எழும்பி நின்றதைக் கண்டேன். தண்ணீருக்கு அல்ல, இதற்குத்தான் பயந்திருக்கிறார்.

ஆனால் கோபத்தோடு கோபமாக இன்னொன்றும் தெரிந்தது. இந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இன்னும் இரண்டு மாதத்தில் எல்லாம் அவருக்குச் சுகமாக முடிந்திருக்கும். கனூவைக் கவிழ்ப்பதா நிமிர்த்துவதா என்பதில் தாய்க்கு விட்டுக்கொடுத்தவர், விட்டுக்கொடுக்கக் கூடாத இடத்தில் கொடுக்கவில்லை. மனம் இளகினதை அவருக்குக் காட்டக்கூடாது என்று குரலை இன்னும் கடுமையாக்கினேன்.

"நான் முதல் அவையளுக்குத்தான் கையெழுத்து வைப்பன். அவை வந்து இறங்கின பிறகுதான் கலியாணம். உங்களுக்கு அதுக்குப் பிறகுதான்."

"ம்."

"அதுக்கிடையிலை உங்களைத் திருப்பி அனுப்பினா?"

"அனுப்பினா அங்கை போய் விசா வரிசையிலை நிப்பன்." துடுப்பு மறுபடி தண்ணீரில் இறங்கியது. "நீர் கேட்டதுக்கு மறுமொழி, ஓம்."

கரைக்கு வந்ததும் சின்னம்மா, "என்ன கதைச்சனீங்கள்?" என்றார். "மீன் இருக்கோ எண்டு" என்றேன். தாயார் மகனின் முகத்தை ஒரு முறை பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய், இறைச்சிக் கறியில் நல்ல துண்டாகப் பார்த்து எனக்குப் போட்டார். நான் அவரோடு கோபமாக இருந்தேன். ஆனாலும் கறி நன்றாக இருந்தது, இன்னொரு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அண்ணா குதித்தார். கேஸ் தள்ளுபட்ட பெடியனா என்று ஒரு நாள் கத்தினார். கட்டுவதென்றால் உடனே கட்டு, பிந்தினால் பெடியனைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று அடுத்த மாதம் கத்தினார். மாப்பிள்ளையின் அப்பீலும் சரிவரவில்லை. நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது; வக்கீல் தவணை வாங்கினார்; மறுபடி வந்தது. நான் மனம் மாறி, "பேசாமல் இப்பவே கலியாணத்தை எழுதுவமோ?" என்று ஒரு தரம் கேட்டேன். "அவையளின்ரை அலுவல் முடியட்டும்" என்றார். உடைந்த கனூவைத் தானே ஒட்டி முதலாளியிடம் கொடுத்தார், மோட்டர் ஹோம்களைக் கழுவினார், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அண்ணாவின் முறைப்புக்கு முன்னால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். தன்னுடைய அலுவலை முதலில் பார்க்கும்படி ஒரு நாளும் அவர் கேட்கவில்லை. எத்தனையோ இரவு நான் பயந்து அழுதிருக்கிறேன். அந்தப் பயத்தில்தான், எனக்கு இந்த மனிதர் எவ்வளவு வேண்டும் என்று எனக்கே தெரிந்தது.

அப்பாவும் அம்மாவும் ஒரு பனிக்கால மத்தியானம் ரொறன்ரோவில் வந்து இறங்கினார்கள். தொலைபேசியில் எல்லாவற்றையும் அப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். கதவு திறந்து, சனத்துக்கு நடுவில், அளவு பொருந்தாத கோட்டு ஒன்றுக்குள் அப்பா வந்தார். அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அண்ணா அழுதார். என்னைக் கட்டப்போகிறவர் மட்டும் எங்களுக்குப் பின்னால், தள்ளி, இரண்டு கம்பளி மேலங்கிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா என்னைத் தாண்டி அவரைப் பார்த்தார்.

"இவரோ?"

"ஓம் அப்பா."

அப்பா சூட்கேஸ்கள் இருந்த தள்ளுவண்டியை ஒரு பக்கமாக இழுத்து ஒதுக்கினார். கிட்டப் போய் அவருடைய தோளில் கை வைத்தார்.

"எங்களாலை கனகாலம் பின்னுக்கு நிண்டிட்டீர், தம்பி. இனி நீர் முன்னுக்கு நடவும்."